பசங்களுக்கு அரசியலமைப்பு சட்டம் சொல்லிக் குடுக்கறவங்க அடிக்கடி கேக்கற கேள்விகள்

ஸ்கூல்ல சோஷியல் எடுத்துட்டு இருந்தவ நான், இப்ப வடசென்னைல சனிக்கிழமை சனிக்கிழமை எட்டாவதுல இருந்து ப்ளஸ் ஒன் வரைக்கும் உள்ள பசங்களுக்கு அரசியலமைப்பு க்ளாஸ் எடுக்கறேன். புதுசா வர்ற வாலண்டியர்ஸ், வேற ஸ்கூல் டீச்சர்ஸ், சில அப்பா அம்மாங்க எல்லாரும் கேக்கறது கிட்டத்தட்ட ஒரே கேள்விங்கதான், ஒவ்வொருத்தருக்கும் வாய்ஸ் நோட் அனுப்பி தொண்டை போச்சு, அதான் எழுதியே போட்டுடலாம்னு. நான் வக்கீல் இல்ல, கேஸ் விஷயமா ஆலோசனை வேணும்னா கடைசி கேள்வியப் பாருங்க.

கேள்வி: எந்த வயசுல ஆரம்பிக்கலாம்?

ஆறாவதுலயே சமச்சீர் புத்தகத்துல இருக்கு. ஒன்பதாவதுல மனித உரிமைகள், பத்தாவதுல அரசியலமைப்பு தனிப் பாடமாவே வருது. ஆனா "அவனுக்கு மட்டும் ஏன் மிஸ்?"னு ஒரு குழந்தை கேக்க ஆரம்பிச்சாலே, எல்லாரும் சமம்னு சொல்ற ஆர்ட்டிகிள் 14க்கு வயசு வந்தாச்சுன்னு வெச்சுக்கலாம்.

கேள்வி: முதல் க்ளாஸ்ல முகப்புரைய மனப்பாடம் பண்ண வைக்கலாமா?

வேண்டாங்க. முகப்புரை அழகா இருக்கும், பிரேயர்ல சேந்து சொல்றதுக்கு நல்லா இருக்கும், ஆனா முதல் நாள் அத எழுதிப் போட்டா "ஓ, இதுவும் மனப்பாடச் செய்யுள்தான்"னு பசங்க முடிவு பண்ணிடுவாங்க, அப்புறம் மாத்தறது கஷ்டம். நான் பண்றது என்னன்னா, இந்த வாரம் உங்க வீட்லயோ தெருவுலயோ ஸ்கூல்லயோ "இது நியாயமே இல்ல"ன்னு தோணின ஒரு விஷயத்த பேர் போடாம சீட்டுல எழுதிக் குடுங்கன்னு சொல்வேன். அப்புறம் ஒவ்வொரு சீட்டா எடுத்து, இத செஞ்சது யாரு, அவங்க அரசாங்கமா தனி ஆளா, இத எங்க போய் கேக்கலாம்னு போர்டுல பிரிப்போம். அவ்ளோதான். என்னைக் கேட்டா இந்தப் பாடம் மொத்தமும் இதுக்குள்ளயே இருக்கு. உரிமைன்னா யாருக்கு எதிரா, எந்த வாசல்ல போய் கேக்கறதுன்னு தெரியாத வரைக்கும் அது வெறும் நல்ல வார்த்தைதான், நம்ம புத்தகங்கள்ல பெரும்பாலும் நல்ல வார்த்தை மட்டும்தான் இருக்கு, வாசல் இல்ல.

கேள்வி: அடிப்படை உரிமை ஆறா, ஏழா? பழைய புத்தகத்துல ஏழுன்னு இருக்கே?

ஆறு. சொத்துரிமையும் அந்த லிஸ்ட்ல இருந்துச்சு, 1978ல 44வது திருத்தத்துல எடுத்துட்டாங்க, இப்ப அது ஆர்ட்டிகிள் 300ஏ, சட்ட உரிமை மட்டும்தான். தாத்தா காலத்து கைடு வெச்சிருந்தா தூக்கிப் போடுங்க.

கேள்வி: ஆர்ட்டிகிள் நம்பர் எல்லாம் ஞாபகம் வெச்சுக்கணுமா?

ஆரம்பத்துலயே 395 ஆர்ட்டிகிள், இப்ப நடுவுல ஏ பி சின்னு போட்டு இன்னும் கூடிடுச்சு. யாராலயும் முடியாது, தேவையும் இல்ல. சிலது மட்டும் வாயில தானா வந்துடணும்: 14 சட்டத்துக்கு முன்னாடி எல்லாரும் சமம், 15 பாகுபாடு கூடாது, 17 தீண்டாமை ஒழிப்பு, 19 பேச்சு, கூடறது, சங்கம் வெக்கறது எல்லாம், 21 உயிரும் சுதந்திரமும், 21ஏ ஆறுல இருந்து பதினாலு வயசு வரைக்கும் இலவசக் கட்டாயக் கல்வி, 22 கைது பண்ணா என்ன, 24 பதினாலு வயசுக்குக் கீழ உள்ளவங்கள ஃபேக்டரி, சுரங்கம் மாதிரி ஆபத்தான வேலைல வெக்கக் கூடாது, 32 இதெல்லாம் மீறினா நேரா சுப்ரீம் கோர்ட். அம்பேத்கர் இந்த 32ஐத்தான் அரசியலமைப்போட இதயமும் ஆன்மாவும்னு சொன்னாரு. நம்ம ஊர்ப் பசங்களுக்கு 226ஐயும் சேத்து சொல்லுங்க, அதுதான் பாரிஸ் கார்னர் பக்கத்துல இருக்கற ஹைகோர்ட்ல ரிட், அதாவது உரிமைய காப்பாத்த உத்தரவு கேட்டு மனு போடற வழி, டெல்லிக்குப் போகணும்னு அவசியமில்ல.

கேள்வி: எங்க அபார்ட்மெண்ட்ல வீட்டு வேலை செய்யற அக்காங்க மெயின் லிஃப்ட்ல ஏறக்கூடாதாம். இது ஆர்ட்டிகிள் 15க்கு எதிரானதுதானே மிஸ்?

இது ஒரு பொண்ணு எழுதிக் குடுத்த சீட்டு. அவ அம்மாதான் அந்த அக்கா. சீட்டுல அத எழுதல, க்ளாஸ் முடிஞ்சு செருப்பு மாட்டும்போது சொன்னா.

ஆசைக்கு "ஆமா, எதிரானது"ன்னு சொல்லிடலாம், ஆனா பொய்யாயிடும். அடிப்படை உரிமைங்க பெரும்பாலும் அரசாங்கத்துக்கு எதிராத்தான் வேலை செய்யும், அரசுன்னா யாரு யாருன்னு ஆர்ட்டிகிள் 12 சொல்லுது, அதுல அபார்ட்மெண்ட் அசோசியேஷன் வராது. தனி ஆளுங்களையும் கட்டுப்படுத்தறது சிலதுதான்: 15ல ரெண்டாவது உட்பிரிவு, அதாவது கடை, ஹோட்டல், கிணறு, குளம், ரோடு மாதிரி பொது இடங்கள்ல மதம், ஜாதி, பால் பாத்துத் தடுக்கக் கூடாதுங்கறது, அப்புறம் 17, கொத்தடிமை பத்தின 23, குழந்தைத் தொழிலாளர் பத்தின 24. ஸோ ஜாதி பாத்து லிஃப்ட்ல ஏறாதேன்னா 17 வரும், அதுக்கு 1955ல வந்த குடிசார் உரிமைப் பாதுகாப்புச் சட்டமும் 1989 வன்கொடுமைத் தடுப்புச் சட்டமும் இருக்கு, போலீஸ் கேஸே போடலாம். "வேலைக்காரங்க"ன்னு சொல்லி நிறுத்தினா? அங்கதான் கை சறுக்குது, நேரடியா புடிச்சு நிறுத்த ஒரு ஆர்ட்டிகிள் இல்ல.

பசங்களுக்கு கோவம் வந்துச்சு. ஒரு பையன் "அப்ப இந்த புக்கு எதுக்கு?"ன்னான். இன்னொருத்தன் அசோசியேஷன் பைலாவ மாத்தச் சொல்லி லெட்டர் எழுதலாம்னான், அந்தப் பொண்ணு உடனே "வேணாம், அம்மாவ வேலைய விட்டு நிறுத்திடுவாங்க"ன்னா. அன்னிக்கு க்ளாஸ் அந்த இடத்துலயே ரொம்ப நேரம் நின்னுச்சு, நானும் அவசரப்படுத்தல. வாடகை வீட்டுக்கு "வெஜிடேரியன் மட்டும்"னு போர்டு போடறதும் இதே வகைதான். எங்க சட்டம் வருது, எங்க வரலன்னு ரெண்டையும் நேர்மையா சொல்லிடுங்க, எல்லாத்துக்கும் அரசியலமைப்புல பதில் இருக்குன்னு சொல்லிக் குடுத்தா முதல் தடவை வேலை செய்யாதப்பவே பசங்க நம்பிக்கை போயிடும்.

கேள்வி: டீச்சர் அடிச்சா?

அடிக்கக் கூடாது, திட்டி அவமானப்படுத்தவும் கூடாது, 2009 கல்வி உரிமைச் சட்டத்துல 17வது பிரிவு இத தெளிவா சொல்லுது, 2010 ஏப்ரல் 1ல இருந்து அமல்ல இருக்கு. "எங்கள எல்லாம் அடிச்சுத்தான் வளத்தாங்க, நாங்க நல்லா இல்லையா?"ன்னு ஸ்டாஃப் ரூம்ல கேப்பாங்க, நானும் நெறைய கேட்டிருக்கேன், வாதாடிப் பிரயோஜனமில்ல, பிரிவ மட்டும் எடுத்துக் காட்டுங்க. பசங்களுக்கு ரெண்டு நம்பர் குடுத்து வைங்க, 1098 குழந்தைகள் ஹெல்ப்லைன், 14417 பள்ளிக்கல்வி ஹெல்ப்லைன்.

கேள்வி: ஜாதி பத்தி க்ளாஸ்ல பேசினா பேரண்ட்ஸ் சண்டைக்கு வர்றாங்களே, ஆர்ட்டிகிள் 17ஐ மேலோட்டமா சொல்லிட்டுப் போயிடலாமா?

மத்த எத வேணா மேலோட்டமா சொல்லுங்க, இத மட்டும் வேண்டாம். "தீண்டாமை ஒரு பாவச்செயல், பெருங்குற்றம், மனிதத்தன்மையற்ற செயல்"னு பாடப்புத்தகத்துல முன்பக்கமே அச்சடிச்சிருக்கோம், ஆனா கையில கட்டற கயிறு கலர பாத்தே யார் எந்த ஜாதி ஆளுன்னு சொல்ற பசங்க இருக்காங்க. 2023ல நாங்குநேரில ஒரு மாணவனையும் அவன் தங்கச்சியையும் கூடப் படிக்கற பசங்களே வெட்டினதுக்கு அப்புறம் நீதிபதி சந்துரு தலைமைல போட்ட ஒரு நபர் குழு, 2024ல குடுத்த ரிப்போர்ட்ல அந்தக் கலர் கயிறையெல்லாம் ஸ்கூல்ல தடை பண்ணணும்னு சொல்லுச்சு. மெட்ராஸ்ல அதெல்லாம் இல்லன்னு சொல்றவங்க லிஃப்ட் கேள்விய திரும்பப் படிங்க.

பாடமா எடுக்கறதுக்கு ஒரு நல்ல வழி, அந்த ஆர்ட்டிகிள் நிறைவேறின நாள எடுத்துக்கறது. 1948 நவம்பர் 29, அரசியல் நிர்ணய சபைல அன்னிக்குப் பேசினவங்கள்ல மெட்ராஸ் மாகாணத்துல இருந்து போன ரெண்டு பேர் உண்டு, வி.ஐ. முனுசாமிப் பிள்ளை, தாட்சாயணி வேலாயுதன். சபைல இருந்த பதினஞ்சு பெண்கள்ல தாட்சாயணி அம்மா ஒருத்தங்கதான் தலித் பெண். இந்த விவாதம் எல்லாம் வார்த்தைக்கு வார்த்தை பதிவாகியிருக்கு, ஒரு பக்கம் எடுத்து தமிழ்ல சொல்லி ரெண்டு பசங்கள பேச விட்டுப் பாருங்க, நம்ம லெக்சர விட அது நிக்கும்.

கேள்வி: ரிசர்வேஷன் பத்தி கேட்டா என்ன சொல்றது?

நம்ம ஊர்ல ஆரம்பிச்ச கேஸ்ல இருந்தே ஆரம்பிங்க. மெட்ராஸ்ல கம்யூனல் ஜி.ஓ.ன்னு ஒரு அரசாணை இருந்துச்சு, மெடிக்கல், இன்ஜினியரிங் காலேஜ்ல ஒவ்வொரு பதினாலு சீட்டையும் பிரிச்சுக் குடுக்கறது: பிராமணரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, பிராமணர்களுக்கு 2, ஹரிஜனங்கன்னு அப்ப எழுதினவங்களுக்கு 2, ஆங்கிலோ இந்தியர் இந்தியக் கிறிஸ்தவர் சேத்து 1, முஸ்லிம்களுக்கு 1. அரசியலமைப்பு வந்த கையோட செண்பகம் துரைராஜன் கேஸ் போட்டாங்க, ஹைகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும் அந்த ஜி.ஓ. செல்லாதுன்னுடுச்சு, அது 1951 ஏப்ரல். இங்க பெரியார் உட்பட பெரிய கிளர்ச்சி, ரெண்டே மாசத்துல நாட்டோட முதல் அரசியலமைப்புத் திருத்தம் வந்து ஆர்ட்டிகிள் 15ல நாலாவது உட்பிரிவு சேந்துச்சு, சமூகத்துலயும் கல்விலயும் பின்தங்கினவங்களுக்கு அரசு தனி ஏற்பாடு பண்ணலாம்னு.

இந்தப் பதினாலு சீட்ட நான் போர்டுல பதினாலு கட்டமா வரைஞ்சிடுவேன். "பிரிக்காம விட்டா யாருக்குக் கிடைச்சிருக்கும்? ஏன்?" இது மட்டும்தான் என் கேள்வி. அப்புறம் அவங்களே பேசிக்குவாங்க, சத்தம் வரும், வரட்டும். எனக்குன்னு இதுல ஒரு நிலைப்பாடு இருக்கு, இட ஒதுக்கீடு வேணும்ங்கறவதான் நான், கேட்டா மறைக்க மாட்டேன், ஆனா எதிர்த்துப் பேசற பையன உக்கார வைக்கறதும் இல்ல.

கேள்வி: பேச்சு சுதந்திரம்னா எத வேணாலும் பேசலாமா? மெரினால போராட முடியுமா?

இதுக்கும் மெட்ராஸ் கேஸே இருக்கு, பம்பாய்ல இருந்து வந்த ஒரு வாரப் பத்திரிகைய மெட்ராஸ் அரசு இங்க வரக் கூடாதுன்னு தடை பண்ணுச்சு, ரொமேஷ் தாப்பர் வழக்கு, 1950, சுப்ரீம் கோர்ட் தடைய ரத்து பண்ணிடுச்சு. அதே முதல் திருத்தத்துல பேச்சுக்கான கட்டுப்பாடுகளையும் விரிவாக்கிட்டாங்க, பொது ஒழுங்குங்கற காரணம் அப்பத்தான் உள்ள வந்துச்சு. ஒரே திருத்தம், ஒரு கைல குடுத்து ஒரு கைல எடுத்த மாதிரி, ப்ளஸ் ஒன் பசங்களுக்கு இது நல்ல விவாதம்.

மெரினா விஷயம், 2017 ஜனவரி ஜல்லிக்கட்டுக் கூட்டத்துல அண்ணன் தோள்ல உக்காந்து போன குழந்தைங்க இப்ப ஹைஸ்கூல்ல இருக்காங்க, அதனால கண்டிப்பா கேப்பாங்க. ஆயுதமில்லாம அமைதியா கூடறது 19ல உரிமைதான், ஆனா நியாயமான கட்டுப்பாடு போடலாம்னு அங்கயே இருக்கு, 2018ல ஹைகோர்ட்டும் மெரினால போராட்டத்துக்கு அனுமதி கிடையாதுன்ற பக்கம்தான் நின்னுச்சு. போலீஸ் கமிஷனர் அனுமதி இல்லாம கூடக் கூடாதுன்னு அப்பப்ப உத்தரவு போடறாரே, அந்த அதிகாரம் 1888ல வெள்ளைக்காரன் போட்ட சிட்டி போலீஸ் சட்டத்துல இருந்து வர்றது. இந்த வருஷத்த சொன்னதும் பசங்க மூஞ்சியப் பாக்கணும் நீங்க.

கேள்வி: தேசிய கீதம் பாடமாட்டேன்னு ஒரு குழந்தை சொன்னா?

1986, பிஜோ இம்மானுவேல் வழக்கு. கேரளாவுல மூணு பசங்க, யெகோவா சாட்சிகள்ங்கற கிறிஸ்தவப் பிரிவு, கீதம் பாடும்போது மரியாதையா எழுந்து நின்னாங்க ஆனா வாய் திறந்து பாடல, ஸ்கூல் வெளிய அனுப்பிடுச்சு. திரும்ப சேத்துக்கணும்னு சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. எழுந்து நின்னாங்கங்கறத விட்டுடாம சொல்லுங்க.

கேள்வி: எங்க ஏரியா பசங்க முதல்ல கேக்கறதே "போலீஸ் புடிச்சா என்ன பண்றது"தான். இத சொல்லிக் குடுக்கலாமா?

சொல்லித்தான் ஆகணும். அடையாறுல கேக்க மாட்டாங்க, வியாசர்பாடில முதல் கேள்வியே இதுதான். ஆர்ட்டிகிள் 22: எதுக்குப் புடிச்சோம்னு சொல்லணும், வக்கீல பாக்க விடணும், பயண நேரத்தக் கழிச்சு 24 மணி நேரத்துக்குள்ள மாஜிஸ்ட்ரேட் முன்னாடி நிறுத்தணும். பதினெட்டு வயசுக்குக் கீழன்னா லாக்கப்லயே வைக்கக் கூடாது, சிறார் நீதி வாரியத்துக்குத்தான் கொண்டு போகணும், பேரண்ட்ஸுக்குத் தகவல் சொல்லணும். ஓடக் கூடாது, கைய ஓங்கக் கூடாது, பேரு அட்ரஸ் வயசு சொல்லு, வீட்டு நம்பர மனப்பாடமா வெச்சுக்கோ, இது சட்டப் புத்தகத்துல இல்ல ஆனா நான் சொல்லிக் குடுப்பேன்.

உடனே ஒருத்தன் "அப்ப குண்டாஸ்?"னு கேப்பான். நல்ல கேள்வி. தடுப்புக் காவலுக்கு இந்த 24 மணி நேரம் பொருந்தாதுன்னு அதே ஆர்ட்டிகிள்லயே இருக்கு, குண்டாஸ்னு சொல்ற தமிழ்நாட்டோட 1982 சட்டத்துல ஒரு வருஷம் வரைக்கும் உள்ள வைக்கலாம், ஆனா காரணத்த எழுதிக் குடுக்கணும், அத எதிர்த்து மனு குடுக்க வழி விடணும், அறிவுரைக் கழகம் முன்னாடி கொண்டு போகணும். ஹைகோர்ட்ல ஆட்கொணர்வு மனு போடறாங்களே, அதுல நெறைய இந்த குண்டாஸ் உத்தரவ எதிர்த்துத்தான். தடுப்புக் காவல் பத்தின முதல் பெரிய கேஸும் மெட்ராஸ்தான், ஏ.கே. கோபாலன், 1950, அதுல சுப்ரீம் கோர்ட் ஆர்ட்டிகிள் 21க்கு ரொம்பக் குறுகலா அர்த்தம் சொல்லிடுச்சு, சட்டம்னு ஒண்ணு இருந்தா போதும்னு. 1978ல மேனகா காந்தி கேஸ்லதான் அந்த நடைமுறை நியாயமாவும் இருக்கணும்னு மாறுச்சு. இருபத்தெட்டு வருஷம்.

கேள்வி: புழல் முகாம்ல இருந்து வர்ற இலங்கைத் தமிழ்ப் பசங்க இருக்காங்க. "எங்களுக்கு இதெல்லாம் உண்டா?"ன்னு கேட்டா?

உண்டு, ஆனா எல்லாம் இல்ல. 14ம் 21ம் "எந்த நபருக்கும்"னு எழுதியிருக்கு, குடிமகனா இருக்கணும்னு இல்ல. 20, 22ம் அப்படித்தான். 21ஏல "எல்லாக் குழந்தைகளுக்கும்"னு இருக்கு. குடிமக்களுக்கு மட்டும்ங்கறது 15, 16, 19, 29, 30. அவங்க முன்னாடி இந்த லிஸ்ட்ட படிக்கும்போது சங்கடமாத்தான் இருக்கும், 19 அவங்களுக்கு இல்லன்னு சொல்றப்ப குறிப்பா. இங்கயே பொறந்த பொண்ணு, "நான் இங்கதானே மிஸ் பொறந்தேன்"னா. 1987 ஜூலைக்கு முன்னாடி இங்க பொறந்திருந்தா அதுவே போதுமா இருந்துச்சு, அதுக்கு அப்புறம் குடியுரிமைச் சட்டத்த மாத்திட்டாங்கன்னு அவகிட்ட விளக்கினேன். அதுக்கு மேல அவகிட்ட சொல்ல எங்கிட்ட எதுவும் இல்ல.

கேள்வி: உரிமைய மட்டும் சொன்னா பசங்க கெட்டுப் போயிடுவாங்க, கடமையையும் சொல்லுங்க மேடம்.

சொல்றேங்க. 51ஏ, 1976ல 42வது திருத்தத்துல வந்துச்சு, பத்து கடமை, 2002ல பதினோராவது சேந்துச்சு, அது பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்பணும்னு அப்பா அம்மாவுக்கு. ஆனா கடமைய செஞ்சாத்தான் உரிமைன்னு எங்கயும் எழுதல. அத மட்டும் நான் மாத்தி சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஓட்டு போடறது அடிப்படை உரிமையா?

இல்ல. ஆர்ட்டிகிள் 326லயும் தேர்தல் சட்டத்துலயும் வர்ற உரிமை. வயசு 21ல இருந்து 18 ஆனது 61வது திருத்தம். க்விஸ்ல இதுலதான் எல்லாரும் கோட்டை விடுவாங்க.

கேள்வி: அம்பேத்கர் ஒருத்தரே எழுதினாரா?

வரைவுக் குழு ஏழு பேர், அவர் தலைவர். நம்ம பக்கத்து அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர், என். கோபாலசுவாமி அய்யங்கார் அதுல உண்டு, டி.டி. கிருஷ்ணமாச்சாரி அப்புறமா வந்தாரு. அந்த டி.டி.கே.தான் 1948 நவம்பர் 5 சபைல எழுந்து சொன்னாரு, ஏழு பேர்ல ஒருத்தர் ராஜினாமா, ஒருத்தர் இறந்துட்டாரு, ஒருத்தர் அமெரிக்கால, ஒருத்தர் வேற அரசு வேலைல, சிலர் டெல்லிலயே இல்ல, கடைசில பாரம் எல்லாம் அம்பேத்கர் தலைமேலதான் விழுந்துச்சுன்னு. பாதி ஃபார்வர்ட் மெசேஜ் இத மறுக்கத்தான் சுத்துது, அதனால பசங்க கைல இந்தத் தேதிய குடுத்துடுங்க.

கேள்வி: ஆக்டிவிட்டி மாதிரி என்ன பண்ணலாம்? நவம்பர் 26 அரசியலமைப்பு நாளுக்கு பேச்சுப் போட்டி போதுமா?

போதாது, பேச்சுப் போட்டில ஜெயிக்கறது அப்பாவோட எழுத்து. ஒரு ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமை மனு எழுத வைங்க. 2005 சட்டம், கட்டணம் 10 ரூபா, இங்க கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டியே குடுக்கலாம், 30 நாள்ல பதில் வரணும். எங்க பசங்க ஸ்கூலுக்கு எதிர்ல பாதில நிக்கற மழைநீர் வடிகால் பத்தி ஒரு அம்மா பேர்ல மனு எழுதினாங்க: மொத்த செலவு எவ்ளோ, எப்ப முடியணும், கான்ட்ராக்ட் காப்பி வேணும். முதல் ட்ராஃப்ட்ல "ஏன் இன்னும் முடிக்கல?"ன்னு கேட்டிருந்தாங்க, ஆர்டிஐல ஏன்னு கேட்டா பதில் வராது, கைல இருக்கற ஆவணத்தத்தான் கேக்கணும்னு திருத்தினோம். பதில் வந்துச்சு, மூணுல ரெண்டுக்கு. மூணாவதுக்கு மேல்முறையீடு எழுதறது அடுத்த க்ளாஸ் ஆச்சு.

டூர்னா, மாமல்லபுரம் போறப்ப ஒரு ப்ரிண்ட் அவுட் எடுத்துட்டுப் போங்க. அரசியலமைப்போட கையெழுத்துப் பிரதிக்கு நந்தலால் போஸும் சாந்திநிகேதன் ஆளுங்களும் படம் போட்டாங்க, அதுல ஒரு பக்கத்துல மாமல்லபுரம் பாறைச் சிற்பத்துல இருக்கற பகீரதன் தவம் இருக்கு. அதே பாறை முன்னாடி நின்னு பசங்க ஒப்பிட்டுப் பாப்பாங்க, பாறைல செதுக்கின பூனை எங்க மிஸ்னு தேடுவாங்க.

கேள்வி: இதெல்லாம் எக்ஸாமுக்கு வருமா?

பாதி வரும்.

கேள்வி: உண்மையாவே உரிமை மீறல் நடந்தா, கோர்ட்டுக்குப் போக காசு வேணுமே?

வேண்டாம். இலவச சட்ட உதவிக்கு ஆர்ட்டிகிள் 39ஏ, அதுக்கு 1987ல சட்டம். பெண்கள், குழந்தைகள், எஸ்சி எஸ்டி, மாற்றுத்திறனாளிகள், காவல்ல இருக்கறவங்க, இவங்களுக்கு வருமான வரம்பே கிடையாது, அரசே வக்கீல் வெச்சுத் தரும். மாநில சட்டப் பணிகள் ஆணைக்குழு ஹைகோர்ட் பக்கத்துலயே இருக்கு, நேர்ல போக முடியலன்னா 15100க்கு போன் பண்ணலாம். போறப்ப நடந்தத தேதி போட்டு ஒரு பேப்பர்ல எழுதி, இருக்கற ரசீது, லெட்டர், ஃபோட்டோ எல்லாத்துக்கும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துட்டுப் போங்க, ஒரிஜினல குடுத்துட்டு வராதீங்க.